ஒரு சீட்டும் அதன் பின்னால் உள்ள நூற்றைம்பது ஆண்டுகளும்

உப்பளம் மைதானத்தில் பயிற்சி முடித்துவிட்டு எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருத்தி, போன வருடம் ஒரு சீட்டை எங்களிடம் நீட்டினாள். வயது பதினேழு. கபடி ஆடுகிறாள், ஓடவும் செய்கிறாள். அம்மா ஒயிட் டவுனில் ஒரு விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிறார். சீட்டில் பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த பட்டியல் இருந்தது: பாதாம், பன்னீர், ஓட்ஸ், வே புரோட்டீன் பவுடர் தினம் இரண்டு ஸ்கூப். கடைசி வரியில் ஒரு கடையின் பெயரும் இருந்தது.

மகளிர் குழுவில் வாங்கிய கடனில் முதல் டப்பா ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டாவது டப்பா வாங்க வேண்டுமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டு முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டாள். "அக்கா, வீட்டுல வாரம் ரெண்டு நாள் மாட்டுக்கறி எடுப்பாங்க. அது புரோட்டீன்ல சேராதா? சார்கிட்ட சொன்னதுக்கு, அதெல்லாம் சூடு, வெளிய சொல்லிக்கிட்டு இருக்காதன்னாரு."

சேரும். நூறு கிராம் கொழுப்பு நீக்கிய பச்சை மாட்டுக்கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை அவள் ஏன் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டியிருந்தது? அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், தோழர்களே. விளையாடுகிறவனுக்கும் உழைக்கிறவனுக்கும் என்ன சாப்பிட வேண்டும் என்று அறிவுரை சொல்வதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த அறிவுரையை யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் பெரிய வேதியியல் அறிஞர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக். தசை வேலை செய்யும்போது தசையின் புரதமே எரிந்து தீர்கிறது, ஆகவே உழைப்பவனுக்கு இறைச்சிதான் எரிபொருள் என்று அவர் சொன்னார். அவர் சொல்லை ஐரோப்பா நம்பியது. 1865இல் அவர் பெயரிலேயே லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. தென் அமெரிக்காவில், உருகுவே நாட்டின் ஃபிரே பெந்தோஸ் ஊரில் மாடுகளை வெட்டி, கறியைக் காய்ச்சி இறுக்கிய சாற்றை ஜாடியில் அடைத்து விற்றார்கள். அந்தச் சாற்றில் புரதம் மிகக் குறைவு என்று பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குள் கம்பெனி காலூன்றிவிட்டது. புரதம்தான் பலம் என்று சொன்ன மனிதரின் பெயரை ஒட்டிய ஜாடியில் புரதமே இல்லை! டப்பா வியாபாரம் இன்று முளைத்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அதே 1865ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசேனுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினார்கள். ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே புரதமில்லாத உணவு மட்டும்: மாவுச்சத்தைக் கொழுப்பில் பொரித்த பணியாரம் மாதிரி ஒன்று, சர்க்கரை போட்ட தேநீர். தங்கள் சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய நைட்ரஜனை அளந்து, எவ்வளவு புரதம் எரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மலையேறச் செலவான உழைப்புக்கு அந்தப் புரதம் போதவே போதாது. ஆகவே உடல் ஓடுவது முக்கியமாக மாவுச்சத்திலும் கொழுப்பிலும் என்று தெரிந்தது. புரதத்தின் வேலை தசையைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும். நம் பாட்டிகள் கூழைக் குடித்துவிட்டு நாள் முழுக்க நாற்று நட்டது எப்படி என்பதற்கு ஒரு விளக்கம் அந்த மலையில் கிடைத்தது எனலாம். கூழ் மட்டும் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

1904இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஸ்ஸல் சிட்டெண்டன் ஒரு நூல் வெளியிட்டார். பேராசிரியர்கள், ராணுவ மருத்துவப் பிரிவுச் சிப்பாய்கள், கல்லூரி விளையாட்டு வீரர்கள் என மூன்று கூட்டத்தாரை மாதக்கணக்கில் அன்றைய அளவுகோலில் பாதிக்கும் குறைவான புரதத்தில் வைத்துப் பார்த்தார். யாரும் தளரவில்லை. வீரர்களின் பலம் கூடியிருந்ததாகவே அளந்து காட்டினார். விளையாட்டு வீரர்களை முன்னிறுத்தி நடந்த முதல் பெரிய புரதச் சண்டை அதுதான்.

அந்தச் சண்டைக்கு இந்தியாவிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்கே. அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் எது தெரியுமா? சிறைச்சாலை. வங்காளத்திலும் ஐக்கிய மாகாணத்திலும் கைதிகளின் உணவை அளந்தார், கழிவை அளந்தார். 1912இல் எழுதிய நூலில், வங்காளி அரிசி தின்று புரதம் குறைவாகப் பெறுவதால் உடலும் வீரமும் குன்றியவன், கோதுமையும் இறைச்சியும் உண்ணும் வடமேற்கத்தியர்கள் ஆண்மையும் வீரமும் மிக்கவர்கள் என்கிற வரிசையை நிறுவப் பார்த்தார். புரதத்தின் அளவை வைத்து மனித இனங்களை அடுக்கிவிட்டார்.

இந்த அடுக்கு அவர் கண்டுபிடித்ததல்ல. ஆங்கிலேய ராணுவம் அதை ஏற்கனவே கையில் வைத்திருந்தது. 1885 முதல் 1893 வரை தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று எழுதியவர். 'போர்க்குடிகள்' கோட்பாடு வலுத்த 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்த படை அது. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி பிடித்த ஒரு சமூகத்துக்கு ஒரே உத்தரவில் வீரம் இல்லாமல் போய்விட்டது. பின்னால் வந்த விஞ்ஞானம் அதற்குப் புரதக் கணக்கில் காரணம் தேடிக் கொடுத்தது.

அடுத்த கட்டம் நமக்குப் பக்கத்தில், நீலகிரி மலையில் நடந்தது. குன்னூரில் 1918இல் பெரிபெரி நோயை ஆராயச் சிறிதாகத் தொடங்கிய கூடம், ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அவர் எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, பிறகு மராத்தியர், கன்னடியர், வங்காளி, மதராசி. சப்பாத்தியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் எப்போதாவது கறியும் தின்ற எலி கொழுத்தது. தீட்டிய அரிசி தின்ற மதராசி எலி கடைசியில் நின்றது.

உணவு வித்தியாசம் உடலில் தெரியும் என்பது உண்மைதான். மெக்காரிசனின் வேலையில் மதிக்க வேண்டியது நிறைய உண்டு. ஆனால் 'மதராசி சாப்பாடு' என்று ஒன்று எங்கே இருந்தது? தஞ்சாவூர் மிராசுதார் வீட்டு இலையும் அவர் வயலில் நடவு நட்ட பள்ளர், பறையர் வீட்டுச் சட்டியும் ஒரே சாப்பாடா? எலிக்குப் பண்ணையார் கிடையாது, கூலி பாக்கி கிடையாது, குளத்தில் தண்ணீர் எடுக்கத் தடையும் கிடையாது. மாகாணத்தின் பெயரை உணவுக்கு வைத்தபோது, அந்த மாகாணத்துக்குள் யார் பாலை வைத்திருந்தார், யார் மோரை வாசலில் நின்று வாங்கினார் என்பது மறைந்துபோனது.

அதே காலத்து விளையாட்டுத் திடலுக்குப் போவோம். மல்லர்களின் பாலும் நெய்யும் பாதாமும் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1910இல் லண்டன் போன காமா பயில்வான் சமஸ்தான ஆதரவில் வளர்ந்தவர். அந்தக் காலத்து மல்லனின் உணவுக்குப் பின்னால் ஒரு ராஜாவின் கஜானா இருந்தது. அது இல்லாதவனுக்கு அந்த உணவு வெறும் அறிவுரைதான்.

இப்போது பல்வங்கர் பாலு. 1876இல் பிறந்தவர், தோல் வேலை செய்யும் சாமர் சமூகம். புனேவில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வலையில் பந்து வீசித்தான் இடது கைச் சுழலைத் தீட்டினார். இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஏனென்றால் வெள்ளையரை வெல்ல அவர் வேண்டும். ஆனால் ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில் கொடுத்தார்கள். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. இந்துக்கள் அணியின் தலைவர் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923இல்தான் அவருடைய தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. (1932இலும் 1937 தேர்தலிலும் பாலு அம்பேத்கருக்கு எதிர் முகாமில் நின்றார். அந்த விமர்சனம் தனி. மண் குவளை அதனால் பீங்கானாகிவிடாது.)

விளையாட்டு வீரரின் உணவு என்று யாராவது பேசத் தொடங்கினால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குவளை. எத்தனை கிராம் என்பதற்கு முன்னால், எந்தத் தட்டில், யாரோடு உட்கார்ந்து என்கிற கேள்வி இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரிக்கு இந்த வரலாற்றில் பலரும் மறந்த ஓர் இடம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்றதும் காமராசரையும் எம்.ஜி.ஆரையும் நினைக்கிறோம். இங்கே பிரெஞ்சு நிர்வாகம் 1930லேயே பள்ளியில் மதிய உணவு தந்தது. வெள்ளையரின் கருணை என்று அதைக் கொண்டாட நாங்கள் தயாரில்லை. அதே நிர்வாகம்தான் 1936 ஜூலை 30 அன்று, வேலைநேரத்தைக் குறைக்கக் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்திப் பன்னிரண்டு பேரைக் கொன்றது. சாதியையும் அது ஒழிக்கவில்லை. ஆனால் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களில் ஒடுக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் படையில் சேர்ந்தார்கள், சைகோன் வரை போனார்கள். ஆங்கிலேயன் மகருக்கும் தெற்கத்தியருக்கும் வீரமில்லை என்று கதவைச் சாத்திய அதே காலத்தில், இந்தப் பக்கம் சேரியிலிருந்து 'சொல்தா'க்கள் கிளம்பினார்கள். உடம்பு ஒன்றுதான், எல்லைக் கோடு மாறியதும் அதற்கு வீரம் வந்துவிட்டது. மெக்கே இந்த ஊருக்கு வந்திருந்தால் புரதக் கணக்கை என்ன செய்திருப்பாரோ!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பஞ்சாயத்து மேசை மாறியது. ஏழை நாடுகளின் பிரச்சினை புரதப் பற்றாக்குறைதான் என்று ஐ.நா. வரை பேசினார்கள். 1968இல் 'நெருங்கி வரும் புரத நெருக்கடி' என்றே அறிக்கை வந்தது. மைசூரில் இருந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் வேர்க்கடலை மாவும் கொண்டைக்கடலை மாவும் கலந்த சத்து மாவை உருவாக்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் குன்னூர் கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியிருந்தது. அங்கிருந்து சி. கோபாலன் வேறு ஒன்றைக் காட்டினார். நம் ஏழைக் குழந்தை உண்ணும் சோறு பருப்பில் புரதத்தின் விகிதம் அவ்வளவு மோசமில்லை. சாப்பாட்டின் மொத்த அளவே போதவில்லை. வயிறு நிறையாதபோது உள்ளே போகும் கொஞ்சப் புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடுகிறது. அதாவது, குழந்தைக்குத் தேவை ஸ்பெஷல் மாவு அல்ல, இன்னொரு தட்டு சோறும் பருப்பும். 1974இல் மெக்லாரன் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் இந்தப் புரதப் பரபரப்பு முழுவதையுமே பெருந்தோல்வி என்று எழுதினார்.

இந்தப் பாடம் விளையாடும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும். காலையில் ஒரு டீயோடு மைதானத்துக்கு வந்து, இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, ஸ்கூப்பைக் கரைத்துக் குடித்தால் அந்த விலை உயர்ந்த பொடி விறகாகத்தான் போகும். ஓடுவதற்கு முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ கொடுத்திருந்தால் அந்த வேலையை மலிவாகச் செய்திருக்கும். எங்கள் தங்கையின் சீட்டில் காலைச் சாப்பாடு பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஹைதராபாத் கூடம் 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எலிகளை மதராசி, சீக்கியர் என்று பிரித்த அதே கூடத்தின் வாரிசு, 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அந்தச் செய்தி எங்கள் மைதானத்துக்கு வந்து சேரவில்லை, கடைக்காரரின் பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

அப்படியானால் விளையாடுகிறவர்களுக்குக் கூடுதல் புரதம் வேண்டாமா? வேண்டும். சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஏறத்தாழ 1.6 கிராமைத் தாண்டினால் தசைக்குப் பெரிதாக லாபமில்லை என்றார்கள். தங்கையின் எடை 52 கிலோ. 1.6ஆல் பெருக்கினால் 83 கிராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அம்மாவையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். நாளெல்லாம் சேர்த்து 300 கிராம் அரிசி, அதில் 22 கிராம். கொஞ்சம் கெட்டியாக வைத்த சாம்பாருக்கு 60 கிராம் துவரம் பருப்பு, 13. வறுத்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடி, 12. முட்டை இரண்டு, 13. ஒரு டம்ளர் பால், 6. மாட்டுக்கறியோ மத்தி மீனோ நூறு கிராம், 20. கூட்டிப் பாருங்கள், 86 வருகிறது. கறியும் மீனும் இல்லாத நாளில் 50 கிராம் மீல் மேக்கர் போட்டால் 26 கிராம் கிடைக்கும். ஒரு ஸ்கூப் பொடியில் இருப்பது சுமார் 24. பொடி விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரை உலர்த்தியதுதான் அது. ஆனால் டப்பாவில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல. இந்தியச் சந்தையில் 36 பொடிகளைச் சோதித்து 2024இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலானவற்றில் புரத அளவு தவறாக அச்சிடப்பட்டிருந்தது. லீபிக் ஜாடி நினைவுக்கு வருகிறதா?

அம்மா கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கறி எடுக்குற அன்னைக்கு இவ டிபன்ல வெக்க விடமாட்டேங்குறா" என்றார். தங்கை தரையைப் பார்த்தாள்.

இங்கேதான் கிராம் கணக்கு நின்றுபோகிறது. மாட்டுப்பாலிலிருந்து வரும் பொடியைப் பயிற்சியாளர் பெருமையாகச் சீட்டில் எழுதுகிறார். அதே மாட்டின் கறியை வெளியே சொல்லாதே என்கிறார். கறி 'சூடு' என்பது உடலியங்கியல் அல்ல, சாதியின் வெப்பமானி. சூழலும் அப்படித்தான். புதுச்சேரியில் 1968 முதலே பசுவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று அறிவித்து, ஆம்பூர் சேரியும் முஸ்லிம் தெருக்களும் சாப்பிடும் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் அது பாகுபாடு என்று நோட்டீஸ் அனுப்பியது. மழை என்று காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள்.

நம் பக்கத்துச் சங்கடத்தையும் மறைக்க வேண்டாம். 1927 மார்ச்சில் மகாடில் பேசியபோது, செத்த மாட்டின் கறியை உண்பதை விட்டுவிடச் சொன்னவர் அம்பேத்கர். எறிந்ததைத் தின்னும் கட்டாயத்திலிருந்து வெளியேறச் சொன்னார். 1948இல் 'தீண்டப்படாதார் யார்' என்ற ஆய்வில் மாட்டிறைச்சியையும் தீண்டாமையின் தோற்றத்தையும் இணைத்து எழுதினார். முதலாவதை மட்டும் நினைவில் வைத்து, கறியையே விட்டால்தான் மரியாதை என்று எண்ணிய தலைமுறை நம் வீடுகளில் உண்டு. எங்களில் ஒருவரின் தாத்தா, வீட்டு மாடத்தில் காய்ந்த உப்புக்கண்டத்தை விருந்தாளி வந்தால் துணி போட்டு மூடுவாராம். மராத்தியில் சாகு பட்டோளே தலித் வீட்டுச் சமையலை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். ஈரல், குடல், ரத்தம், எலும்பு என்று எதையும் வீணாக்காத அந்தச் சமையல் புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்தது. தமிழில் அப்படி ஒரு நூலை நம்மில் யாராவது எழுத வேண்டும். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு. பாட்டிகள் இருக்கும்போதே தொடங்குங்கள்.

இரண்டாவது டப்பா வாங்கவில்லை. முதல் டப்பாவின் கடன் இன்னும் நான்கு தவணை பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பெரிய சார்ட் அட்டையில் எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டினோம். ஒரு வாரத்தில் யாரோ 'மாட்டுக்கறி' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டிருந்தார்கள். படிப்பகத்துக்கு வரும் நம் பிள்ளைகளில் ஒருவராகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க முயலவில்லை. மறுநாள் பயிற்சி முடித்து வந்த தங்கை அதைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் மேசையிலிருந்த தடித்த மார்க்கரை எடுத்து, அடித்த இடத்துக்கு மேலேயே திரும்ப எழுதினாள்.